ஷேடு ஓகே

ஜூன் 2

இன்றிலிருந்து நான் ஃப்ரீலான்ஸ். வேலை போய்விட்டது என்பதைக் கௌரவமாகச் சொல்ல இப்படி ஒரு வார்த்தை இருப்பது நல்லதுதான்.

இருபது வருஷத்துக்கு மேல் ஒரே பையிங் ஆபீஸ். வெளிநாட்டுக்காரன் திருப்பூரில் டீ சர்ட் ஆர்டர் போட்டால், சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன் அவன் சார்பில் கம்பெனிக்குப் போய்ப் பரிசோதித்து, பெட்டியின் ஒட்டுத் தாளுக்குக் குறுக்கே கையெழுத்துப் போடுகிற வேலை. மரகதம் மேடம் வருகிறாள் என்றால் அயர்னிங் டேபிளில் பேச்சு நிற்கும். ஓட்டை, கறை, தையல் விட்டது எதுவும் என் கண்ணுக்குத் தப்பியதில்லை. ஆர்டரெல்லாம் வங்காளதேசத்துக்குப் போய்விட்டது என்று ஆபீஸை மூடிவிட்டார்கள். போகும்போது ஆளுக்கொரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நேரம் பார்த்துக்கொண்டு வீட்டில் இரு என்று அர்த்தம் போல.

இவருக்கு இடுப்பு போய் இரண்டு வருஷமாகிறது. நல்ல கட்டிங் மாஸ்டர். இப்போது கத்தரிக்காய்தான் நறுக்குகிறார். சின்னவளுக்கு ஈரோட்டில் நர்சிங் படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. ஆகவே நான் சும்மா இருக்க முடியாது.

மற்ற பையிங் ஆபீஸ்களுக்குப் போன் போட்டு, நாள் கணக்கில் இன்ஸ்பெக்‌ஷன் செய்து தருகிறேன் என்று சொல்லப்போகிறேன். ஆனால் இரண்டு விஷயத்தில் கறாராக இருப்பேன். கம்பெனிக்காரன் நீட்டுகிற கவரைத் தொட மாட்டேன். தெரியாததைத் தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

ஜூன் 5

அவிநாசி ரோட்டு ஆபீஸ் ஒன்றிலிருந்து ஒருவன் போனில் பேசினான். குரலில் இருபத்தெட்டு வயசுகூட இருக்காது.

"மேடம், நீங்க கம்பெனிக்கெல்லாம் அலைய வேண்டாங்க. அவங்களே போட்டோ அனுப்பிருவாங்க. நீங்க வீட்ல இருந்தே ரிப்போர்ட் எழுதி சைன் போட்டு விட்ருங்க. எங்க ஆளுங்க எல்லாம் அப்படித்தான் பண்றாங்க."

"நான் பாக்காத சரக்குல என்ற கையெழுத்து வராதுங்க."

"அப்பச் சரிங்க" என்று வைத்துவிட்டான். கோபம்கூட இல்லை அவனுக்கு. அதுதான் எனக்கு எரிச்சல்.

ஜூன் 9

யாரும் கூப்பிடவில்லை. புளிக்குழம்பு.

ஜூன் 14

நாத்தனார் மகள் சீருக்குப் புடவை எடுக்கப் போனோம். பச்சையில் ஒன்று எடுத்தேன். வீட்டுக்கு வந்து பிரித்ததும் இவர், "பச்சை எடுக்கறேன்னுட்டு நீலத்த எடுத்துட்டு வந்திருக்கே" என்கிறார். கடைக்காரன் போடுகிற விளக்கு அப்படி. கண்ணைக் கூசுகிற மாதிரி போட்டுத் தலையில் கட்டிவிடுகிறான். மாற்றிக்கொண்டு வா என்று இவரையே அனுப்பினேன். இடுப்பு வலிக்கிறது என்று முனகிக்கொண்டே போனார்.

ஜூன் 21

கோயம்புத்தூர் போய்வந்தேன். பிரதாப் என்று ஒருவர், சென்னைக்காரர், புதிதாக பையிங் ஆபீஸ் ஆரம்பித்திருக்கிறார். நாற்பது வயசு இருக்கும். தண்ணீர்கூடக் கேட்டுவிட்டுத்தான் கொடுத்தார். திருப்பூரில் நம்பிக்கையான ஆள் வேண்டுமாம்.

"சட்டைத் துணி, பேன்ட் துணி எல்லாம் பாப்பீங்களா மேடம்?"

"இல்லீங்க. பனியன் துணிதான் எனக்குத் தெரியும். தறித்துணியில எனக்கு அனுபவம் இல்ல. பாக்கறேன்னு சொல்லி உங்கள மாட்டி விடமாட்டேன்."

நாற்காலியில் சாய்ந்து என்னைப் பார்த்தார். "இந்த மாசத்துல எட்டுப் பேரப் பாத்துட்டேன் மேடம். தெரியாதுன்னு சொன்ன மொத ஆள் நீங்கதான்."

வெள்ளோட்டமாக சில இன்ஸ்பெக்‌ஷன் கொடுத்துப் பார்த்துவிட்டு, சரியாக இருந்தால் வருஷ கான்ட்ராக்ட் போடலாம் என்றார். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அவர் கேட்ட எல்லாவற்றுக்கும் உண்மையைத்தான் சொன்னேன். வேறெதுவும் அவர் கேட்கவில்லை.

ஜூன் 26

சர்க்கரை மாத்திரை வாங்கினேன். டாக்டர் பழைய சீட்டைப் புரட்டிவிட்டு, "கண்ணக் காட்டச் சொல்லி போன வருசமே எழுதியிருக்கேனே, போனீங்களா?" என்றார். வேலை நெருக்கடி என்றேன். அப்போது நெருக்கடி; இப்போது வேலையே இல்லை. போகணும்.

ஜூலை 1

மத்தியானம் பொழுது போகாமல் இவருடைய பழைய நூல்கண்டுப் பெட்டியை ஜன்னலோரம் எடுத்துவைத்து, கருப்பைத் தனியாக நேவி ப்ளூவைத் தனியாகப் பிரித்து அடுக்கினேன். இவர் தூங்கி எழுந்து வந்து பார்த்தார்.

"எதுக்கு புள்ள எல்லாத்தையும் இப்படிக் கலக்கி வெச்சிருக்கே?"

சும்மா தூசி தட்டினேன் என்றேன். எல்லாவற்றையும் அள்ளிப் பெட்டியில் போட்டு மூடினேன். ராத்திரிக்கு உப்புமா.

ஜூலை 5

பிரதாப் கொடுத்த முதல் இன்ஸ்பெக்‌ஷன். குழந்தைகளுக்கான வெள்ளை பனியன், சிவப்பு ஓரம். அடித்து நொறுக்கிவிட்டேன். எண்ணெய்க்கறை, கழுத்து அளவு கோணல், பிசிறு வெட்டாதது, எல்லாவற்றையும் வரிசையாக எழுதி, சரக்கை நிறுத்தினேன். மானேஜர் சாப்பாட்டுப் பொட்டலத்துக்குக் கீழே கவரை வைத்துக் கொண்டுவந்தான். பொட்டலத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். பிறகு யோசித்து அதையும் திருப்பிக் கொடுத்தேன். வெளியே வந்து நின்றுகொண்டே ஒரு பன் சாப்பிட்டேன். ரொம்ப நாளைக்கப்புறம் நான் நானாக இருந்தேன்.

பிரதாப் போனில், "கலக்கிட்டீங்க மேடம்" என்றார்.

ஜூலை 17

நாளை கந்தவேல் கம்பெனி. பையன்கள் டீ சர்ட், நேவி ப்ளூ. பார்த்துக்கொள்ளலாம்.

ஜூலை 18

அங்கே செக்கிங் சூப்பர்வைசர் சுலோச்சனா. பழைய ஆபீஸ் காலத்திலிருந்தே தெரியும். புருஷன் விட்டுவிட்டுப் போனவள். அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் வைத்துக்கொண்டு ஒண்டியாக இழுக்கிறாள். நான் போனதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

மத்தியானம் வரை ஒரு குறையும் இல்லை. அளவு, தையல், பட்டன் எல்லாம் சுத்தம். சாப்பிட்டு வந்தபின் அவள் ஒரு கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. இந்தக் கட்டுல கையி கருப்பாட்டம் இருக்குதுங்க. ஒடம்பு ப்ளூவா இருக்குது. ரெண்டு சாய லாட்டக் கலந்து தெச்சுப்புட்டாங்களோன்னு சந்தேகமா இருக்குது."

லைட் பாக்ஸில் வைத்துப் பார்த்தேன். உள்ளே சாம்பல் பெயின்ட் அடித்து, பகல் வெளிச்சம் கடை வெளிச்சம் என்று விதவிதமான விளக்கு பொருத்திய பெட்டி அது. நிறத் தகராறு வந்தால் அதில் வைத்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு விளக்காக மாற்றிப் பார்த்தேன். கை, உடம்பு, இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்தது.

பக்கத்தில் செக்கிங் பெண்கள் எல்லாரும் கையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார்கள்.

"ஒண்ணும் இல்ல. ஒரே ஷேடுதான்" என்றேன்.

"நல்லாப் பாருங்கக்கா. எனக்கென்னமோ…"

"சுலோ, நான் எத்தன வருசமா ஷேடு பாக்கறேன்? தேவையில்லாம சந்தேகத்தக் கௌப்பி ஷிப்மென்ட்ட நிறுத்தாத."

அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "சரிங்கக்கா, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று கட்டைத் தூக்கிக்கொண்டு போனாள். ரிப்போர்ட்டில் 'ஷேடு ஓகே' என்று எழுதி, பெட்டிகளில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.

ஜூலை 19

அந்த லைட் பாக்ஸ் பழசு. டியூப் மாற்றி எத்தனை காலமோ. அதில் யார் பார்த்தாலும் அப்படித்தான் தெரியும்.

ஆகஸ்ட் 7

பிரதாப்பிடம் வெள்ளைச் சரக்கு இருந்தால் எனக்குக் கொடுங்கள் என்று கேட்டேன். "ஏன் மேடம்?" என்றார். வெள்ளையில்தான் அழுக்கு மறையாது, என் வேலை என்னவென்று உங்களுக்கும் தெரியும் என்றேன். சந்தோஷமாகச் சிரித்தார். அடுத்த மாதம் கான்ட்ராக்ட் போட்டுவிடலாம் என்றார்.

ஆகஸ்ட் 20

சின்னவள் லீவுக்கு வந்தாள். சுடிதார் வாங்க வா என்று கூப்பிட்டாள். தலைவலி, அப்பாவோடு போ என்றேன்.

செப்டம்பர் 3

நேவி ப்ளூ சரக்கு முழுவதையும் வெளிநாட்டுக்காரன் நிராகரித்துவிட்டான். பிரதாப் போட்டோ அனுப்பினார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. போனில் வருகிற நிறத்தை யார் நம்புவது? இவரிடம் காட்டி, "இதுல எதாச்சும் தெரியுதுங்களா?" என்றேன். கண்ணாடிகூடப் போடவில்லை அவர்.

"கையி கருப்பு, ஒடம்பு நீலம். எந்தக் குருட்டுப்பய புள்ள இத பாஸ் பண்ணுனது?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அதைத் துடைக்கிற சாக்கில் எழுந்து போய்விட்டேன்.

செப்டம்பர் 4

பிரதாப் ஆபீஸ். கந்தவேலும் வந்திருந்தார். நஷ்டம் அவர் தலையில்தான் விடிந்திருக்கிறது. ஆள் பாதியாகிவிட்டார்.

"மேடம் எடுத்துப் பாக்காத கட்டுலதானுங்க கலந்திருக்கோணும். எல்லாம் எங்க செக்கிங் சூப்பர்வைசர் பண்ணுன வேல. கேட்டா, மேடத்துகிட்டக் காட்டுனேன், அவங்கதான் ஓகேன்னாங்கன்னு கதை விடறா. நேத்தே நிறுத்திட்டனுங்க. பக்கத்துக் கம்பெனிகளுக்கும் சொல்லி வெச்சிட்டேன்."

பிரதாப் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. "மேடத்துகிட்ட நான் கேக்கவே போறதில்ல சார். அவங்க வாயில பொய் வராது. எனக்குத் தெரியும்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாமல் இருப்பது பொய்யில் சேராது என்று பஸ்ஸில் வரும்போது நினைத்துக்கொண்டேன். அவிநாசி வரைக்கும் அந்த நினைப்பு தாங்கியது.

செப்டம்பர் 8

கண் ஆஸ்பத்திரி. சொட்டு மருந்து விட்டு, மணிக்கணக்கில் உட்கார வைத்து, வண்ண வில்லைகளைக் கொடுத்து வரிசையாக அடுக்கச் சொன்னார்கள். அடுக்கினேன். டாக்டர் சின்னப் பெண். நான் அடுக்கியதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சர்க்கரையினால வந்ததும்மா. விழித்திரை ரெண்டு கண்ணுலயும் பாதிச்சிருக்கு. நீலம், பச்சை, கருப்பு இதுக்குள்ள உங்களுக்குக் கொழப்பம் வருது. போனதத் திருப்பிக் கொண்டுவர முடியாது. இருக்கறதக் காப்பாத்தப் பாக்கலாம். எத்தன நாளா இப்படி?"

"இப்பத்தான், ஒரு வாரமா."

அவள் எழுதுவதை நிறுத்தினாள். "இது ஒரு வாரத்துல வர்றதில்லம்மா" என்றாள். ஊசி போடத் தேதி கொடுத்திருக்கிறாள்.

அழுகை வரவில்லை. பயம்தான். இத்தனை காலம் என்னிடம் இருந்த ஒரே சொத்து இந்தக் கண்தான்.

செப்டம்பர் 12

சுலோச்சனா வீட்டுக்குப் போனேன். வேலம்பாளையத்தில் லைன் வீடு. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன்.

என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். காப்பி போட்டுக் கொடுத்தாள். அவள் அம்மா மூலையில் படுத்தபடி யாரு யாரு என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"என்ற மேலதான் தப்புங்கக்கா. நீங்களே பாத்து ஒரே ஷேடுன்னு சொன்னீங்க. நீங்க பாக்காத வேற கட்டுல எங்கியோ கலந்திருக்குது, நாந்தான் கவனிக்கல. ஒருவேள என்ற கண்ணுலதான் கோளாறோன்னு போன வாரம் இலவச முகாமுக்குப் போயி காட்டிட்டு வந்தனுங்க. கண்ணு நல்லாத்தான் இருக்குதுன்னு சொல்லிட்டாங்க. ஆனா எனக்கு நம்பிக்கை இல்லீங்கக்கா. எதப் பாத்தாலும் இது அந்த நெறந்தானான்னு ரெண்டு தடவ பாக்கறேன்."

காப்பியைக் கீழே வைத்தேன். எத்தனை கம்பெனி ஏறி இறங்கியும் ஒருவரும் சேர்த்துக்கொள்ளவில்லையாம். பெரியவன் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு சாயப்பட்டறை வேலைக்குப் போகிறேன் என்கிறானாம். வாங்கிப்போன ஆரஞ்சைக் கொடுத்துவிட்டு எழுந்து வந்தேன். சொல்லவில்லை.

செப்டம்பர் 13

கான்ட்ராக்ட் வந்துவிட்டது. ஒரு வருஷத்துக்கு.

செப்டம்பர் 15

காலையில் பிரதாப்புக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன். கண் விஷயம், சுலோச்சனா காட்டியது, நான் அவளை அடக்கியது, எல்லாம். 

"மேடம், வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"இல்லீங்க."

"சொல்லாதீங்க. கந்தவேல் நஷ்டத்தத் தன் கணக்குல ஏத்திக்க ஒத்துக்கிட்டாரு, விஷயம் முடிஞ்சுது. நம்ம இன்ஸ்பெக்‌ஷனே தப்புன்னு வந்தா பழி மொத்தமும் நம்ம மேல திரும்பும். நான் இப்பத்தான் தொடங்கியிருக்கேன். ஷேடு பாக்க வேற ஆள் போட்டுக்கலாம், மத்ததெல்லாம் நீங்க பாருங்க. கான்ட்ராக்ட் அப்படியே இருக்கட்டும். எழுத்துல மட்டும் எதுவும் குடுத்துறாதீங்க."

நல்ல மனுஷர்தான். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

செப்டம்பர் 17

கண் விஷயத்தைச் சொல்லி, எழுதிக் கொடுத்துவிடப் போகிறேன் என்றதும் இவரோடு சண்டை. சண்டை என்றால் சத்தமில்லாத சண்டை.

"அந்தப் புள்ளைக்கு இன்னொரு கம்பெனி கெடைக்கும். உனக்கு இன்னொரு கண்ணு கெடைக்குமா? ஊசிக்கு யாரு பணம் கட்டறது? புள்ள படிப்ப யாரு பாக்கறது? உண்மைய சொல்லோணும்னா சொல்லிட்டே இல்ல, அந்தாளுகிட்ட? அதோட விடு."

நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். மடித்ததையே மறுபடி மடித்தேன்.

செப்டம்பர் 19

எழுதி அனுப்பிவிட்டேன். கந்தவேலுக்கு ஒன்று, பிரதாப்புக்கு ஒன்று.

'ஜூலை 18 பரிசோதனையின்போது நிற வேறுபாட்டை சுலோச்சனா என்னிடம் நேரில் காட்டினார். என் கண்ணில் உள்ள குறையால் எனக்கு அது தெரியவில்லை. அவர் சொன்னதை மறுத்து ஓகே என்று எழுதியவள் நான். தவறு என்னுடையது. அந்தக் குறை இருப்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது.'

கடைசி வரி இவர் சேர்க்கச் சொன்னது. "அதையாச்சும் எழுது. இல்லீன்னா தெரிஞ்சே பண்ணுனான்னு கேசு போட்டுருவாங்க" என்றார். நியாயம்தான்.

செப்டம்பர் 22

கான்ட்ராக்ட் ரத்து. ஒரே வரி. அதிலும் 'மேடம்' என்று போட்டிருந்தார்.

முதல் ஊசி போட்டுக்கொண்டேன். வலி பரவாயில்லை.

செப்டம்பர் 25

சாயங்காலம் சுலோச்சனா வந்தாள். கந்தவேல் கடிதத்தைக் காட்டினாராம். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"ஒண்ணே ஒண்ணு கேக்கோணுங்கக்கா. அன்னிக்கு லைட் பாக்ஸ்ல பாக்கறப்ப, உங்க கண்ணு இப்படின்னு உங்களுக்குத் தெரியுங்களா? தெரிஞ்சுட்டேதான் என்ற வாய அடைச்சீங்களா?"

"தெரியாது சுலோ."

"சத்தியமாங்களா?"

"சத்தியமா."

அப்போதுதான் அழுதாள். என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாவங்கக்கா நீங்க. உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேன்" என்றாள். அவள் கை சூடாக இருந்தது. நான் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அக்டோபர் 1

பிசிறு வெட்டுகிற வேலைக்குக் கேட்டுப் பார்த்தேன். வயசாயிடுச்சு என்றார்கள். கீரை, ரசம்.

அக்டோபர் 6

சுலோச்சனா போன் பண்ணினாள். வேறொரு கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசராகச் சேர்ந்துவிட்டாளாம். கந்தவேலே தப்பை ஒத்துக்கொண்டு சிபாரிசு செய்தாராம். பெரியவன் பள்ளிக்கூடம் போகிறான். குரலில் பழைய தெம்பு வந்துவிட்டது.

"அக்கா, எங்க மொதலாளிகிட்ட உங்களப் பத்திச் சொன்னனுங்க. வந்த கான்ட்ராக்ட்டே போனாலும் போகுதுன்னு உண்மைய எழுதிக் குடுத்தவங்கன்னு. அவரு அசந்துட்டாருங்க. புதுசா வர்ற செக்கிங் புள்ளைங்களுக்கு வேல சொல்லிக் குடுக்க ஆள் வேணுமாம். நீங்க துணியே பாக்க வேண்டாம், சொல்லிக் குடுத்தாப் போதும். கண்ணு இல்லாட்டிப் போகுது, இப்படி ஒரு மனசு யாருக்கு வரும்னு கேட்டாருங்கக்கா. நாளைக்கே வரச் சொல்றாரு."

என் கண் இப்படி என்று ஜூன் மாதமே எனக்குத் தெரியும். அவள் அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு வந்தபோதும் தெரியும். அவள் கண்ணை நம்பியிருந்தால் போதும் என்பதும் தெரியும். அத்தனை பேர் பார்க்க, எனக்குத் தெரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அவ்வளவுதான் காரணம். சத்தியமாங்களா என்று அவள் கேட்டபோதும் அதே வெட்கம்தான்.

போனில் அவள் காத்துக்கொண்டிருந்தாள். "எத்தன மணிக்கு வரோணும் சுலோ?" என்று கேட்டேன்.